2,500 ரூபாய் ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கலாமா?

மும்பை செம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா சேர்த்து வைத்த எல்பிக்கள், கூடவே கொஞ்சம் 78 வேகத் தட்டுகள் வீட்டில் இருக்கின்றன. லேமிங்டன் ரோட்டில் செகண்ட் ஹேண்டாக ஒரு டர்ன்டேபிள் வாங்கி நேராகப் பவர்டு ஸ்பீக்கரில் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) செருகினால், பாட்டு கொசு ரீங்காரம் மாதிரி மெலிசாகக் கேட்கிறது. ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கு ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலை உயர்த்தித் திருத்தி ஸ்பீக்கருக்குத் தரும் சின்னப் பெட்டி, பார்த்து வைத்திருக்கிறார். நண்பரோ, 15,000-க்குக் கீழே எதை வாங்கினாலும் குப்பைதான் என்கிறார். வாங்கினால் காசு வீணா?

ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. இந்தப் பெட்டி உங்களுக்குத் தேவையா? தேவை என்றால், மலிவான பெட்டி அந்த வேலையை ஒழுங்காகச் செய்யுமா? காசு அதிகம் கொடுத்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? முதல் இரண்டுக்கும் உறுதியாகவே பதில் சொல்லலாம். மூன்றாவதில் பாதி கணக்கு, பாதி அவரவர் காது. நான் மாதுங்காவில் ஆம்ப், டர்ன்டேபிள் பழுதுபார்க்கிறவன். எதையும் விற்பதில்லை. அதனால் நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

முதலில் தேவையா என்று பார்ப்போம். நீங்கள் சொன்ன அறிகுறி நல்ல துப்பு. சத்தமும் கம்மி, பாஸும் இல்லை, சலங்கையும் ஜால்ராவும் மட்டும் கூர்மையாகக் கேட்கிறது என்றால், உங்கள் டர்ன்டேபிளில் இருப்பது காந்த வகை கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவைச் சிக்னலாக்கும் சின்ன உறுப்பு). அதன் சிக்னல் எந்தத் திருத்தமும் இல்லாமல் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதனாலேயே பெட்டி வாங்க வேண்டும் என்று ஆகிவிடாது. கடந்த பல வருஷங்களில் வந்த டர்ன்டேபிள்களில் நிறையவற்றுக்கு உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. பின்பக்கம் அல்லது தட்டுக்குக் கீழே ஃபோனோ, லைன் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஆடியோ டெக்னிக்கா ஏடி-எல்பி60எக்ஸ் அப்படி ஒன்று. ஸ்விட்ச் ஃபோனோவில் இருந்தால் சுமார் 2.5 மில்லிவோல்ட் வரும், லைனில் இருந்தால் 150 மில்லிவோல்ட். முன்பு வைத்திருந்தவர் ஃபோனோவில் விட்டுப் போயிருந்தால், உங்கள் பிரச்சினை ஒரு விரலால் தீர்ந்துவிடும். நீங்கள் மாடல் எழுதவில்லை. இதை முதலில் பாருங்கள்.

இதன் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஸ்விட்ச் லைனில் இருக்கும்போதே வெளியே இன்னொரு ப்ரீஆம்ப் போட்டால், இரண்டு முறை பெருக்கி, இரண்டு முறை திருத்தி, சத்தம் உடைந்து, அடியில் ஒரே உறுமலாக வரும். "புதுப் பெட்டி மோசம் சார், திருப்பி அனுப்பப் போகிறேன்" என்று வருபவர்களில் சிலருக்கு இதுதான் கதை.

வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஏதாவது தூசி படிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். எழுபது, எண்பதுகளின் காஸ்மிக், சோனோடைன், பிலிப்ஸ் ஆம்ப்களில் பலவற்றில் ஃபோனோ அல்லது மேக் என்று ஒரு இன்புட் இருக்கும். அதற்குள் ப்ரீஆம்ப் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சாக்கெட் ஐந்து முள் டின் வகையாக இருந்தால் மாற்று ஒயர் லேமிங்டன் ரோட்டிலேயே கிடைக்கும். பழைய வால்வு ரேடியோக்களில் பியூ (பிக்கப்) என்று எழுதியிருக்கும் இன்புட் வேறு கதை. அது கிரிஸ்டல், செராமிக் கார்ட்ரிட்ஜுக்கானது. அந்த வகை கார்ட்ரிட்ஜ் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், அதற்கு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டியதே இல்லை, வைத்தால் கெடுக்கும். சோர் பஜாரில் வாங்கும் பழைய போர்ட்டபிள் பிளேயர்களும், இன்று விற்கும் சூட்கேஸ் பிளேயர்களும் பெரும்பாலும் இந்தச் செராமிக் கூட்டம்.

சரி, ஸ்விட்சும் இல்லை, பழைய ஆம்பும் இல்லை, கார்ட்ரிட்ஜ் காந்த வகைதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பெட்டி தேவை. அது செய்ய வேண்டிய வேலை மூன்றுதான். ஒன்று, 4, 5 மில்லிவோல்ட் சிக்னலைச் சில நூறு மில்லிவோல்ட்டாக உயர்த்துவது. இதற்கு 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கம் போதும். இரண்டு, தட்டு வெட்டும்போது செய்த மாற்றத்தைத் திருப்பிப்போடுவது. தட்டில் பாஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். பாஸைக் குறைக்காமல் அப்படியே வெட்டினால் தடம் அகலமாகி ஒரு பக்கத்தில் பாட்டு கொள்ளாது. ட்ரெபிளைக் கூட்டி வெட்டி, கேட்கும்போது குறைத்தால், தட்டின் உராய்வுச் சத்தமும் சேர்ந்து குறையும். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருந்ததை, அமெரிக்க ரெக்கார்டிங் கம்பெனிகளின் சங்கம் 1954-ல் ஒரே வளைவாக வகுத்தது. அதைத்தான் ஆர்ஐஏஏ என்கிறோம். அதன்படி ப்ரீஆம்ப் 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்து, 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் தூக்க வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் இறக்க வேண்டும். மூன்றாவது, கார்ட்ரிட்ஜுக்குச் சரியான சுமை கொடுப்பது: 47 கிலோஓம் ரெசிஸ்டன்ஸ், கூடவே கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ். இதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மூன்றும் எப்போதோ தீர்ந்துபோன கணக்குகள். என்இ5532 என்ற ஐசி எழுபதுகளின் கடைசியில் வந்தது. இன்றைக்கும் காந்த கார்ட்ரிட்ஜுக்கு அது கொண்டுவரும் இரைச்சல், தட்டின் சொந்த இரைச்சலுக்கு ரொம்பக் கீழேதான். அதன் விலை ஒரு பிளேட் வடாபாவோடு போட்டியிடும் அளவில்தான். சுற்றியிருக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சேர்ந்தும் பெரிய தொகை இல்லை. ஆகவே 2,500 ரூபாயில் ஒழுங்கான ஃபோனோ ப்ரீஆம்ப் செய்யவே முடியாது என்று உங்கள் நண்பர் சொல்வது தவறு. செய்ய முடியும், செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த விலையில் எல்லாரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்றால், இல்லை. மிச்சம் பிடிப்பவர்கள் எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

முதல் இடம் பவர் சப்ளை. இங்கேதான் மலிவுப் பெட்டிகளில் பாதிக்கு மேல் கோட்டை விடுகின்றன என்பது என் மேசையில் பார்த்த அளவில் என் அபிப்பிராயம். ஆர்ஐஏஏ வளைவு 50 ஹெர்ட்ஸில் சுமார் 17 டெசிபல் தூக்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். அடிப்படைப் பெருக்கம் 40, அதோடு 17. 57 டெசிபல் என்றால் ஏறக்குறைய 700 மடங்கு. நம் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் எங்கிருந்தாவது துளி உள்ளே நுழைந்தாலும் 700 மடங்காகி வெளியே வரும். அதனால்தான் வேறெந்தக் கருவியிலும் கேட்காத ஹம் இதில் மட்டும் கேட்கிறது. சுருதி பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு உபயோகமான குறிப்பு: ஹம் அடிக்குரலாக 50 ஹெர்ட்ஸில் இருந்தால் பெரும்பாலும் கிரவுண்ட் ஒயர் சரியில்லை, அல்லது பக்கத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் சப்ளையின் வடிகட்டல் போதவில்லை. முதல் வகையை நீங்களே சரிசெய்யலாம். இரண்டாவது பெட்டியின் குற்றம், திருப்பி அனுப்புங்கள்.

கிரவுண்ட் ஒயர் என்றது டர்ன்டேபிளிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய ஒயரை. ப்ரீஆம்பில் அதற்கு ஒரு திருகு இருக்க வேண்டும். திருகே இல்லாத பெட்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. சில டர்ன்டேபிள்களில் இந்த ஒயர் தனியாக வராது, இடது வலது சிக்னல் போகும் ஆர்சிஏ ஒயருக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள்; அங்கே பிரச்சினை இல்லை. இன்னொன்று, ஹம் போக வேண்டும் என்று ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைப் பிடுங்கிப்போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். நம் பழைய கட்டடங்களில் பலவற்றில் எர்த்தே சந்தேகம். இருப்பதையும் எடுத்துவிட்டால் ஷாக் அடிக்கும்.

அடாப்டரையும் பாருங்கள். மலிவான ஸ்விட்சிங் அடாப்டர்கள் சில கிரீச் என்று ஒரு மெல்லிய ஒலியையும், சில பஸ் என்ற சத்தத்தையும் சேர்க்கும். பெட்டி நல்லதாகவே இருந்து அடாப்டர் மட்டும் மோசமாக இருப்பதும் உண்டு. அதே வோல்டேஜ், அதே முனைத் திசை, போதுமான ஆம்பியர் உள்ள வேறு அடாப்டர் ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏசி வெளியீடு கேட்கும் பெட்டிக்கு டிசி அடாப்டரையும், டிசி கேட்பதற்கு ஏசியையும் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து நேரே வரும் பெட்டி என்றால், கூட வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருக்கலாம். நம் 230-ல் செருகிய நொடியே அதன் ஆயுள் முடியும். இந்தியாவில் முறையாக விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும்.

இரண்டாவது இடம், விளம்பரத்தில் யாரும் பேசாதது: எவ்வளவு பெரிய சிக்னல் வந்தால் பெட்டி உடைந்து பேச ஆரம்பிக்கும் என்பது. கணக்கு சுலபம். 5 வோல்ட் யூஎஸ்பி சார்ஜரில் ஓடும் பெட்டி, உள்ளே வோல்டேஜைக் கூட்டும் ஏற்பாடு இல்லாவிட்டால், 1.7 வோல்ட்டுக்கு மேல் வெளியே தரவே முடியாது. 100 மடங்கு பெருக்கத்தால் வகுத்தால் உள்ளே 17 மில்லிவோல்ட். உங்கள் கார்ட்ரிட்ஜின் 5 மில்லிவோல்ட் என்பது சாதாரண அளவு. உரத்த இடங்களில் நாலைந்து மடங்கு போகும். கீறல் விழுந்த தட்டில் ஒவ்வொரு டக்கும் அதற்கும் மேலே. அங்கே பெட்டி தலை முட்டி நிற்கும், டக் என்பது டமார் என்று கேட்கும். 12 வோல்ட்டில் ஓடுவது 30 மில்லிவோல்ட்டைத் தாங்கும். உள்ளே கூட்டல் கழித்தல் 15 வோல்ட் வைத்திருப்பது 90 மில்லிவோல்ட் வரை தாங்கும். நம்மிடம் இருக்கும் பழைய தட்டுகள் சுத்தமாகவும் கீறல் இல்லாமலும் இருப்பது அபூர்வம் என்பதால், மற்றவர்களைவிட நமக்கு இது முக்கியம். விவரப் பட்டியலில் 1,000 ஹெர்ட்ஸில் இன்புட் ஓவர்லோட் என்று ஒரு எண் இருந்தால், 30 மில்லிவோல்ட் பரவாயில்லை, 40-க்கு மேல் நிம்மதி. அந்த எண்ணே இல்லை, பெட்டி யூஎஸ்பியில் ஓடுகிறது என்றால், நான் வாங்க மாட்டேன்.

மூன்றாவது, வளைவின் துல்லியம். அதை முடிவுசெய்வது நாலைந்து கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும்தான். ரெசிஸ்டர் இன்று ஒரு சதவீதத் துல்லியத்தில் சல்லிசாகக் கிடைக்கிறது. கெப்பாசிட்டரில்தான் கஞ்சத்தனம். நல்ல ஃபிலிம் வகை போட்டால் வளைவு அரை டெசிபலுக்குள் நிற்கும். 20 சதவீதம் வரை விலகக்கூடிய சின்னப் பழுப்பு செராமிக் வகையைப் போட்டால் வளைவும் விலகும், அதைவிட மோசமாக இடதும் வலதும் வெவ்வேறு பக்கம் விலகும். பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதாகக் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டுப் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். மும்பையின் உப்புக் காற்றில் கார்ட்ரிட்ஜின் நாலு சின்னப் பின்களும் ஆர்சிஏ முனைகளும் மழைக்காலம் முடிவதற்குள் பாசி பிடித்ததுபோல் ஆகிவிடும். ஒரு சேனல் மங்கலாகக் கேட்டால் முதலில் அவற்றைக் கழற்றித் துடையுங்கள். பிறகு இடது வலது ஒயரை ப்ரீஆம்பின் இன்புட்டில் மாற்றிச் செருகுங்கள். மங்கல் பக்கம் மாறினால் குறை டர்ன்டேபிளில். மாறாமல் அங்கேயே நின்றால் குறை ப்ரீஆம்பில், அல்லது அதற்கு அடுத்து வருவதில்.

நாலாவது, நான் முன்பு விட்டுவைத்த கெப்பாசிட்டன்ஸ். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ஆயிரக்கணக்கான சுற்றுள்ள ஒரு காயில். அதோடு ஒயரின் கெப்பாசிட்டன்ஸும் ப்ரீஆம்பின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்தால் ட்ரெபிளில் ஒரு மேடு உண்டாகும். ஆடியோ டெக்னிக்கா ஏடி-விஎம்95இ-யின் காயில் 550 மில்லிஹென்றி. கம்பெனி கேட்பது 100-லிருந்து 200 பிகோஃபாரட். 200-ல் அந்த மேடு 15,000 ஹெர்ட்ஸில் விழும். அதுவே டோன் ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) ஒயர், நீள ஆர்சிஏ ஒயர், ப்ரீஆம்ப் எல்லாம் சேர்ந்து 450 ஆகிவிட்டால் 10,000-க்கு இறங்கும்; அதற்கு மேலே எல்லாம் சடாரென்று மங்கிவிடும். "ச", "ஸ" எழுத்துகள் விசில் அடிப்பதற்கு இது ஒரு காரணம். ஆர்டோஃபோன் 2எம் ரெட் 150-லிருந்து 300 வரை ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதற்குக் கொஞ்சம் தாராளம். மலிவுப் பெட்டிகளில் பல இந்த எண்ணைச் சொல்வதே இல்லை. ஏஆர்டி கம்பெனியின் டிஜே ப்ரீ 2 மாதிரி 100, 200 என்று மாற்ற ஸ்விட்ச் உள்ளவை கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் காசு தரலாம். எண் தெரியாத பெட்டி என்றால் ஒயரை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். அது செலவில்லாத வைத்தியம்.

விவரப் பட்டியலில் பெரிய எழுத்தில் வரும் சிக்னல் நாய்ஸ் விகிதத்தை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. எத்தனை மில்லிவோல்ட் இன்புட்டுக்கு, இன்புட்டைக் குறுக்கே இணைத்தா திறந்தா, காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப எடை போட்டா போடாமலா என்று சொல்லாத 90 டெசிபலுக்கு அர்த்தம் கிடையாது. எவ்வளவு நல்ல தட்டும் 60, 70 டெசிபலைத் தாண்டாது என்பதால், அதற்கு மேலே போடும் போட்டி எல்லாம் பட்டியலுக்காகத்தான்.

பட்டியலைப் படித்து ஓரளவுதான் தெரியும். மிச்சம் வீட்டில்தான் தெரியும். அதனால் திருப்பி அனுப்ப அவகாசம் தரும் இடத்தில் வாங்குங்கள், வந்த முதல் நாளே சோதியுங்கள். தட்டு ஓட வேண்டாம். முள் மேலே இருக்கட்டும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மெல்லிய உஸ் ஸ்பீக்கருக்குக் காதை ஒட்டினால்தான் கேட்கிறது என்றால் அது இயல்பு. உட்கார்ந்த இடத்துக்கே ஹம் வருகிறது என்றால் கிரவுண்ட் ஒயரைச் சரிபாருங்கள், அடாப்டரைத் தள்ளி வையுங்கள், பெட்டியை ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு அடி நகர்த்துங்கள். மூன்றிலும் போகவில்லையா, பேக் பண்ணிவிடுங்கள். மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பாட்டுக்கு நடுவே ஆகாசவாணி செய்தியும் கேட்கலாம். பிளாஸ்டிக் பெட்டிகளில் இது அதிகம், உலோகப் பெட்டியில் குறையும்.

அப்புறம் தட்டை வையுங்கள். எம்.எஸ். பாடிய எல்பி ஏதாவது வீட்டில் இருக்கும். பெண் குரல், வயலின், மிருதங்கம் மூன்றும் இருப்பதால் சோதனைக்கு இதைவிட வசதி கிடையாது. மிருதங்கத்தின் தொப்பியில் அந்தக் கும்கி தெளிவாக இருக்கிறதா, வெறும் பொம் என்று பரவுகிறதா என்று கவனித்தால் பாஸ் தெரிந்துவிடும். வலந்தலையின் நாதமும் வயலின் வில்லின் உரசலும் ட்ரெபிளைச் சொல்லும். நாகசுரத் தட்டு இருந்தால் அதன் கடைசிப் பாட்டைப் போடுங்கள். உள்வட்டத்தில் அவ்வளவு அடர்த்தியான ஒலியை உடையாமல் சமாளிப்பது எல்லா உறுப்புக்கும் கஷ்டம். அங்கே உடைந்தால் ப்ரீஆம்பா முள்ளா என்று பிரித்தறிய வேண்டும். வெளிவட்டத்து உரத்த இடங்களிலும் அதே அளவு உடைந்தால் ப்ரீஆம்பைச் சந்தேகப்படலாம். உள்ளே மட்டும் என்றால் பெரும்பாலும் முள் தேய்ந்திருக்கிறது அல்லது கார்ட்ரிட்ஜ் கோணம் தப்பியிருக்கிறது.

பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் கோனையும் ஒரு தடவை பாருங்கள். சத்தமே இல்லாத இடத்திலும் அது முன்னும் பின்னும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தால், வளைந்த தட்டின் அசைவும் டோன் ஆர்மின் 8, 12 ஹெர்ட்ஸ் அதிர்வும் உள்ளே போகின்றன. சின்ன ஸ்பீக்கர் இதில் வீணாகக் களைத்துப்போகும். ரம்பிள் ஃபில்டர் அல்லது லோ கட் என்ற ஸ்விட்ச் உள்ள ப்ரீஆம்ப் இதற்கு உதவும்.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும் வாய்ப்புக் கிடைத்தால், சத்தத்தைச் சமமாக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒன்றின் பெருக்கம் ஒரே ஒரு டெசிபல் அதிகமாக இருந்தால்கூட, அது "சத்தமாக" இருப்பதாகத் தோன்றாது, "உயிரோட்டமாக" இருப்பதாகத் தோன்றும். கடைகளில் விலை உயர்ந்ததைக் கேட்டு மயங்குபவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஒரு டெசிபலுக்கு மயங்கினார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு குறும்பான சந்தேகம் உண்டு. போனில் ஒரு சத்தமானி ஆப் போட்டு, ஒரே பாட்டின் ஒரே இடத்தில் இரண்டையும் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. ஹம் இல்லாத, வளைவு சரியான, ஓவர்லோட் போதுமான இரண்டு ப்ரீஆம்ப்களுக்கு நடுவே காதால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெயரை மறைத்து, சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டால், காந்த கார்ட்ரிட்ஜோடு அது ரொம்பக் கஷ்டம் என்பது என் அனுபவம். இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் காது என் வயதுக்கு ஏற்ற காது. ஐசியை மாற்றிப் போட்டால் குரல் மாறும் என்பதும் அப்படித்தான். அதில் உறுதியான ஒன்று மட்டும் சொல்லலாம்: சந்தையில் போலி ஐசிக்கள் தாராளமாக உலவுகின்றன, அதனால் நல்லதை எடுத்துவிட்டு மோசமானதைப் போடும் வாய்ப்பு நிஜம். குட்டி வால்வு ஒளிரும் பெட்டிகளிலும் ஜாக்கிரதை. 6ஜே1 வால்வு வைத்து மலிவாக விற்கும் பலகைகளில் பெரும்பாலானவை சாதாரண லைன் ப்ரீஆம்ப்; ஆர்ஐஏஏ திருத்தமே அவற்றில் கிடையாது. மைக் ப்ரீஆம்பும் டோன் கன்ட்ரோல் பலகையும்கூட "ப்ரீஆம்ப்" என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. விவரத்தில் ஆர்ஐஏஏ என்ற எழுத்துகள் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நண்பரின் 15,000 எங்கே நியாயமாகிறது என்றால், எம்சி (மூவிங் காயில்) வகை கார்ட்ரிட்ஜ் வரும்போது. அது கொடுப்பது பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. 60 டெசிபல், அதாவது 1,000 மடங்கு பெருக்கம் வேண்டும். அங்கே ஐசியின் ஒவ்வொரு நுண்ணிரைச்சலும் கணக்கில் வரும், சுமையையும் மாற்றத் தெரிய வேண்டும். அது நிஜமாகவே கஷ்டமான, செலவுள்ள வேலை. உங்களிடம் இருப்பது கிட்டத்தட்ட நிச்சயமாக எம்எம் (மூவிங் மேக்னட்), இதுவரை காந்த வகை என்று நான் சொன்னது. அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

கையில் 15,000 இருக்கிறது என்றால், நான் அதை ப்ரீஆம்பில் போட மாட்டேன். செகண்ட் ஹேண்ட் டர்ன்டேபிளில் வந்த முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது. கூம்பு முனை முள் சில நூறு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்த முள் மோசமாகப் பாடுவதோடு நிற்காது, அப்பாவின் தட்டுகளைச் செதுக்கியும் விடும். ஆகவே முதல் செலவு புது முள், அல்லது கார்ட்ரிட்ஜ் மாற்ற முடிகிற டர்ன்டேபிள் என்றால் புது கார்ட்ரிட்ஜ். இரண்டாவது முள் பாரம் அளக்கும் சின்னத் தராசு. மூன்றாவது தட்டுகளைக் கழுவும் ஏற்பாடு. மும்பை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத பழைய தட்டு கிடையாது. இவற்றுக்குப் பிறகுதான் இந்த 2,500. டர்ன்டேபிள் மாடல், கார்ட்ரிட்ஜ் முகப்பில் எழுதியிருக்கும் பெயர், பார்த்து வைத்த பெட்டியின் அடாப்டர் வோல்டேஜ் மூன்றையும் எழுதினால், அந்தக் குறிப்பிட்ட பெட்டியைப் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்லலாம். ஆம்பை நேரில் பார்க்காமல் ஹம்மைப் பற்றி மட்டும் யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

78 வேகத் தட்டுகளும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எல்பி முள்ளை அவற்றில் வைக்காதீர்கள். தடம் அகலம் என்பதால் முள் அடியில் போய் உரசி, இரைச்சலைத்தான் எடுக்கும். அதற்கு 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவு முள் தனியாகக் கிடைக்கிறது. உங்கள் டர்ன்டேபிள் 78 வேகத்தில் ஓடுமா என்றும் பாருங்கள், நிறைய மாடல்களில் கிடையாது. பெரும்பாலான 78-கள் 1954-க்கு முந்தைய வளைவுகளில் வெட்டப்பட்டவை. ஆர்ஐஏஏ ப்ரீஆம்பில் போட்டால் உச்சம் கொஞ்சம் அமுங்கிக் கேட்கும். அதற்காக விலை உயர்ந்த பல வளைவு ப்ரீஆம்ப் வாங்க வேண்டாம். அதே 2,500 ரூபாய்ப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டு, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றி, இரண்டு சேனலையும் மோனோவாக்கினால் போதும். மோனோவாக்கியதிலேயே கரகரப்பில் பாதி போய்விடும்.